ஒன்பதாவது சீட்டு

வந்திருந்தவர்கள்:

டாக்டர் ஹெப்சிபா தங்கராஜ், அறுபத்தெட்டு வயது. திட்ட இயக்குநர். இந்தச் சுரங்கத்தை அரசாங்கத்திடம் கேட்டு வாங்கியவர்.

இர்ஷாத், முப்பத்தொன்று. தரவுகளை அலசுகிறவன். காயல்பட்டினம்.

கோதண்டபாணி, டெல்லியிலிருந்து வந்த துணைச் செயலாளர். சுரங்கத்தை மூடும் உத்தரவு அவர் பையில் இருந்தது. தேதி மட்டும் போடவில்லை.

மாசாணம், வாயில் காவலர். கூட்டத்தில் இருக்கக் கூடாதவர். உண்டியலைத் தூக்கிவர ஆள் வேண்டும் என்று கூப்பிட்டார்கள். தூக்கி வந்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

சுடலைமுத்து, நாற்பத்தாறு. உப்புக்காரன். நான்.

அலுவலகக் குறிப்பில் முதல் மூன்று பெயர்கள்தான் இருக்கின்றன. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நெடும்பாறை மலைக்குள் அந்தச் சுரங்கம் போகிறது. நீர்மின் நிலையத்துக்காகத் தோண்டிப் பாதியில் விட்டது. வாயிலிலிருந்து இரண்டேகால் கிலோமீட்டர் உள்ளே ஓர் அறை. தலைக்கு மேல் ஒரு கிலோமீட்டர் பாறை. அறைக்குள் ஈயச் சுவர், அதற்குள் செப்புச் சுவர், அதற்குள் உறையும் குளிரில் ஜெர்மானியம் என்ற தனிமத்தின் படிகங்கள். வானத்திலிருந்து விழும் துகள்கள் அங்கே வந்து சேராது. பதினோரு வருடமாக அந்தப் படிகங்கள் ஒரே ஒரு காரியம் நடப்பதற்காகக் காத்திருந்தன.

என்ன காரியம் என்று கோதண்டபாணி பேட்டரி வண்டியில் உள்ளே போகும்போது கேட்டார். அமைச்சரிடம் ஒரு வரியில் சொல்லவேண்டுமாம். வண்டி ஓட்டியது நான். அதனால் கேட்டுக்கொண்டு வந்தேன்.

"ஆரம்பத்துல பொருளும் எதிர்ப்பொருளும் சரிசமமாப் பொறந்துச்சு சார்," என்றார் ஹெப்சிபா மேடம். "ரெண்டும் தொட்டுக்கிட்டா ரெண்டுமே இல்லாமப் போயிரும். வெளிச்சம் மட்டும் மிஞ்சும். அப்படிப் பாத்தா எல்லாமே போயிருக்கணும். இந்த மல இருக்கப்பிடாது. நீங்க, நான், இந்த வண்டி, எதுவுமே இருக்கப்பிடாது."

"ஆனா இருக்கோமே மேடம்."

"இருக்கோம். நூறு கோடி ஜோடி அழிஞ்சதுக்கு ஒண்ணு மிஞ்சிருக்கு. அந்த மிச்சந்தான் நட்சத்திரம், கடலு, நீங்க கட்டியிருக்க வாட்ச்சு. அந்த ஒண்ணு ஏன் மிஞ்சிச்சு? அதத்தான் இங்க இருந்து கேட்டுக்கிட்டு இருக்கோம்."

 கோதண்டபாணி கைக்கடிகாரத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டார்.

மீதியை மேடம் பொறுமையாகச் சொன்னார். நமக்குத் தெரிந்த விதிகள் இரண்டு பக்கத்தையும் ஏறக்குறைய ஒரே மாதிரி நடத்துகின்றன. அவற்றில் இருக்கும் சின்னச் சாய்வு இவ்வளவு பெரிய உலகத்தை மிச்சம் பிடிக்கப் போதாது. ஆகவே, அவற்றுக்கு அடியில் நாம் பார்க்காத வேறொரு சமச்சீர் இருக்கவேண்டும். நியூட்ரினோ என்ற துகளுக்கு எதிர்த்துகள் தனியாகக் கிடையாது, அதுவே தனக்கு எதிர்த்துகள் என்பது மேடத்தின் கட்சி. கண்ணாடியில் பார்த்தால் அதே முகம். அது உண்மையானால், முதல் நொடியில் இருந்த அதன் கனத்த உறவுகள் உடைந்தபோது தராசு நம் பக்கம் ஒரு மயிரிழை சாய்ந்திருக்கலாம். அந்த நொடியை இனி யாரும் பார்க்க முடியாது. அதன் சிறு எச்சத்தைப் பார்க்கலாம். ஒரு ஜெர்மானிய அணுக்கரு உடைந்து இரண்டு எலக்ட்ரான்களை மட்டும் துப்பவேண்டும். கூடவே வரவேண்டிய இரண்டு எதிர்நியூட்ரினோக்கள் வரக்கூடாது. புதிதாக இரண்டு பொருள்துகள்கள், எதிர்ப்பக்கத்தில் ஈடு எதுவும் இல்லாமல். ஓர் அணு அதைச் செய்ய, பிரபஞ்சத்தின் வயதைப் போலக் கோடி கோடி மடங்கு காலம் ஆகலாம். அதனால்தான் ஓர் அணுவைப் பார்க்காமல், ஏராளமான அணுக்களைக் குவித்துவைத்து, ஏதாவது ஒன்று செய்கிறதா என்று பார்ப்பது.

ஒன்றே ஒன்று செய்தால் போதும். இல்லாததிலிருந்து பொருள் பிறக்க இந்தப் பிரபஞ்சத்தில் அனுமதி உண்டு என்று ஆகிவிடும்.

இனி உப்பு. பதினோரு வருடம் ஒன்றுக்காகக் காத்திருப்பவன் அது வராவிட்டாலும் வந்ததாகப் பார்ப்பான். அறிஞன் என்றால் இன்னும் நன்றாகப் பார்ப்பான். அதற்காக இந்தத் தொழிலில் ஒரு வழக்கம் இருக்கிறது. உண்மை போலவே இருக்கும் போலித் துடிப்புகளைத் தரவுக்குள் யாருக்கும் தெரியாமல் கலப்பது. அதற்குப் பெயர் உப்புப் போடுவது. கடைசியில் எத்தனை உப்பு என்று சொல்லிக் கழித்துக்கொள்வார்கள். மிஞ்சுவது நிஜம். ஒன்றும் மிஞ்சாவிட்டால் ஒன்றும் இல்லை.

எங்கள் உப்பு முறை மேடம் ஏற்படுத்தியது. திங்கட்கிழமைதோறும் வாயில் அறையில் உட்கார்ந்து பித்தளைத் தாயக்கட்டையை இரண்டு முறை உருட்டுவேன். இரண்டு முறையும் தாயம் விழுந்தால், அன்றைய ஷிப்டுக்குள் உள்ளே போய்ச் சுவரில் இருக்கும் உப்புப் பெட்டியில் சாவியை ஒரு தடவை திருப்பவேண்டும். பெட்டி உடனே துடிப்பை விடாது. மறுநாளும் விடலாம், இரண்டு வருடம் கழித்தும் விடலாம். பெட்டிக்கு ஞாபகம் கிடையாது. இருந்தால் யாராவது அதனிடம் கேட்டுவிடுவார்கள். திரும்பி வந்து ஒரு சீட்டில் கையெழுத்துப் போட்டு உண்டியலில் போடவேண்டும். தேதி போடக்கூடாது. எப்போது போட்டது என்று தெரிந்தால் எது உப்பு என்று யாராவது யூகிக்கலாம். எண்ணிக்கை மட்டும்தான். உண்டியல் தென்காசியில் ஒரு பாத்திரக் கடையில் வாங்கியது. கோயில் உண்டியலேதான். மேல்மூடியில் இருந்த நாமத்தை மேடம் வேதக்காரி, கிறிஸ்தவர் என்பதால் யாரோ சுரண்டியிருந்தார்கள். அவர் கவனிக்கவே இல்லை.

உப்புக்காரன் ஆராய்ச்சியாளர்களோடு சாப்பிடக் கூடாது. தரவைப் பார்க்கக் கூடாது. கட்டுரையில் அவன் பெயர் வராது. எனக்கு அதெல்லாம் சௌகரியமாக இருந்தது. மாசாணம் மட்டும் தினமும் கேட்பார், "என்னவே, இன்னைக்கு உப்புப் போட்டாச்சா?" நான் பதில் சொல்லக் கூடாது. சொன்னதில்லை.

நான் ஏன் அந்த வேலைக்கு வந்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். இருபது வருடத்துக்கு முன்னால் நான் முனைவர் பட்ட மாணவன். முந்நூற்றுப் பன்னிரண்டு அளவீடுகளில் நாற்பதை எடுக்காமலே எழுதினேன். வளைவு எப்படிப் போகும் என்று எனக்குத் தெரியும். எழுதியவை எல்லாம் சரியாகவே இருந்தன. ஆனால் அன்று ஆய்வுக்கூடத்தில் மூன்று மணி நேரம் மின்சாரம் இல்லை. மாட்டிக்கொண்டேன், வெளியே வந்தேன். பிறகு ஏ.டி.எம். வாசல், ஐஸ் கம்பெனி, சுங்கச்சாவடி என்று ராத்திரி வேலையாகவே பார்த்தேன். விசாரணைக் குழுவில் இருந்தவர்களில் மேடமும் ஒருவர். ஒன்பது வருடம் கழித்து அவரே தேடிக் கூப்பிட்டார். ஒரு தடவை மாட்டியவன் அதே தப்பைத் திரும்பச் செய்யமாட்டான் என்று நினைத்தார்.

செய்தேன். ஐந்து வருடத்துக்கு முன்னால், ஐப்பசியில். மூன்று நாள் விடாத மழை. சுரங்கத்துக்குள் முழங்கால் தண்ணீர். பேட்டரி வண்டி ஓடவில்லை. எனக்குக் காய்ச்சல் வேறு. திங்கள் மதியம் தாயக்கட்டையை உருட்டினேன். தாயம். மறுபடியும் தாயம். சீட்டில் கையெழுத்துப் போட்டு உண்டியலில் போட்டேன். உள்ளே போகவில்லை.

மறுநாள் போகலாம் என்று இருந்தேன். மறுநாள் ஆஸ்பத்திரியில் கிடந்தேன். திரும்பி வந்தபோது, தாயம் விழுந்த ஷிப்டில் மட்டுமே சாவியைத் திருப்பலாம் என்ற விதி நினைவுக்கு வந்தது. விதியை மீறுவது தப்பு என்று விட்டுவிட்டேன். நான் அந்த மாதிரி ஆள். போலித் துடிப்பு ஒன்றைப் போலியாக எழுதியதால் யாருக்கு என்ன கெட்டுவிடும் என்று நினைத்தேன்.

பிறகுதான் பயம் வந்தது. உண்டியலைத் திறக்கும் நாளில் ஒன்பது சீட்டு இருக்கும். துடிப்பு எட்டுதான் இருக்கும். ஒன்று குறையும். குறைந்தால் என்னைத்தான் கேட்பார்கள். பெட்டி ஒரு தடவை பழுதாகியிருக்கலாம் என்று சொல்வதற்கு ஐந்து வருடம் ஒத்திகை பார்த்தேன். உப்புப் போடுவதை நிறுத்தி இரண்டு வருடம் முடிந்து, பெட்டிக்குள் எதுவும் மிச்சம் இல்லை என்று உறுதியான பிறகு, அந்த நாள் வந்தது.

காலை பத்தரை, ஈயச் சுவர் இருக்கும் அந்த அறையில் உட்கார்ந்தோம். மலைக்குள் எல்லா நேரமும் ஒரே நேரம்தான். உத்தரவின் நிபந்தனையைக் கோதண்டபாணி படித்தார். கழித்தபின் ஒன்றாவது மிஞ்சினால் திட்டம் தொடரும். பூஜ்யம் என்று முடிவு வந்தால் மாதக் கடைசியில் மூடல். மேடம் தலையாட்டினார். இதற்கு முன்னால் இரண்டு தடவை அவர் கெஞ்சி நீட்டிப்பு வாங்கியிருந்தார். மூன்றாவது கிடையாது என்பது அவருக்குத் தெரியும்.

முதலில் துடிப்புகள். இர்ஷாத் விசையை அழுத்தினான். திரையில் ஒரு வெற்றுப் படம். நடுவில், அவை இருக்கவேண்டிய ஒரே இடத்தில், மெல்லிய கோடுகள் ஒவ்வொன்றாக எழுந்தன. அவன் வாய்விட்டு எண்ணினான். நான் எட்டில் நிற்கும் என்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஒம்பது," என்றான்.

எனக்கு வந்த முதல் உணர்வைப் பொய் சொல்லாமல் எழுதுகிறேன். நிம்மதி. தப்பித்தேன் என்று நினைத்தேன். எப்படித் தப்பித்தேன் என்று யோசிக்கவில்லை.

மாசாணம் உண்டியலைக் கவிழ்த்தார். மேடம் சீட்டுகளை மேசையில் வரிசையாக வைத்தார். ஒன்பது. ஒன்பதிலும் என் கையெழுத்து. ஒன்பதில் ஒன்பது போனால் பூஜ்யம்.  இர்ஷாத் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தான், நெடுநேரம் துடைத்தான். கோதண்டபாணி பையைத் திறந்தார். மேடம் அவருக்குப் பேனாவை நகர்த்தி வைத்தார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது.

நான் எட்டு தடவைதான் திருப்பினேன்.

திரையைப் பார்த்தேன். ஒன்பது கோடுகள், முடி அளவு. எட்டு என்னுடையவை. ஒன்று என்னுடையது இல்லை. அதை யாரும் போடவில்லை. இந்தப் பதினோரு வருடத்தில் ஏதோ ஒரு நாள், நான் பீடி குடித்துக்கொண்டிருந்தபோதோ தூங்கிக்கொண்டிருந்தபோதோ, இந்த ஈயச் சுவருக்குள் ஓர் அணு ஈடு இல்லாமல் இரண்டு துகள்களைப் பெற்றிருக்கிறது. முதல் நொடியில் நடந்து மலையையும் கடலையும் மிச்சம் பிடித்த காரியத்தின் சாயல், நான் இப்போது நிற்கும் இடத்திலிருந்து பத்தடி தூரத்தில் நடந்திருக்கிறது. கோடுகளை மறுபடி எண்ணினேன். எனக்கு வந்தது பயம் இல்லை. பயம் எனக்கு நன்றாகத் தெரியும். இது வேறு.

உலகத்தில் இதை அறிந்த ஒரே ஆள் நான். நான் சொன்னால் செல்லாது. அதுவும் அதே நேரத்தில் தெரிந்தது.

சொன்னேன். மழை, காய்ச்சல், சீட்டு எல்லாவற்றையும் சொன்னேன். இரண்டு நிமிடம் ஆகியிருக்கும்.

இர்ஷாத்தான் முதலில் பேசினான். குரல் உயரவில்லை. "சுடலண்ணே, சொரங்கத்த மூடப் போறாங்கன்னதும் இது ஞாபகம் வருதா? நேத்து சொல்லியிருந்தா நம்பியிருப்பேன். படத்தத் தொறந்தப்புறம் சொல்றீங்க. இதுக்குப் பேரு உப்பு இல்ல." காய்ச்சலில் நான் உள்ளே போனதையே மறந்திருக்கலாம் என்றும் சொன்னான். இரண்டும் நியாயமான பேச்சு. நான் அவன் இடத்தில் இருந்தால் அதையேதான் சொல்லியிருப்பேன்.

"அவன் உள்ள போகல," என்றார் மாசாணம். எல்லோரும் திரும்பினார்கள். "அன்னைக்குத் தண்ணி ஏறுதுன்னு நாந்தான் மதியமே கேட்டப் பூட்டுனேன். சாவி என் இடுப்புல இருந்துச்சு. இவன் அனத்திக்கிட்டுக் கெடந்தான். நாந்தான் சுக்குத்தண்ணி போட்டுக் குடுத்தேன்."

பதிவேட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று கோதண்டபாணி கேட்டார்.

மாசாணம் கழுத்தைச் சொறிந்தார். "தொறந்திருந்துன்னு எழுதியிருக்கேன் சார். எந்நேரமும் தொறந்திருக்கணும்னு ரூல்சு. அதனால எப்பவும் அப்படித்தான் எழுதுதது."

இர்ஷாத் சிரித்துவிட்டான். சந்தோஷச் சிரிப்பு இல்லை.

மேடம் ஒன்பது சீட்டுகளையும் என் பக்கம் தள்ளினார். "இதுல எது?"

பார்த்தேன். தேதி இல்லை. ஒரே பேனா, ஒரே கையெழுத்து. எல்லாம் ஒன்று போல இருந்தன. "தெரியல மேடம்."

அவர் இர்ஷாத்திடம் திரும்பி, கோடுகளில் எது உப்பு இல்லை என்று சொல்லமுடியுமா என்று கேட்டார். முடியாது என்றான். உப்பு நிஜத்திலிருந்து வித்தியாசப்படக் கூடாது என்று பார்த்துப் பார்த்துச் செய்ததே அவர்தானே. ஒன்பதில் ஒன்று நிஜம். எது என்று யாருக்கும் தெரியாது. இனி எந்தக் காலத்திலும் தெரியாது. மேடம் திரைக்குப் பக்கத்தில் போய், ஒவ்வொரு கோட்டின் அடியிலும் விரலை வைத்தார். ஒன்பதையும் தொட்டார். ஒன்பதையும் தொட்டால் அதையும் தொட்டதாகிவிடும்.

"நீ அன்னைக்கு சாவியத் திருப்பியிருந்தா," என்றார் திரும்பாமலே, "படத்துல பத்து இருந்திருக்கும். சீட்டு ஒம்பது. ஒண்ணு மிஞ்சியிருக்கும். நான் இப்ப உலகத்துக்கே சொல்லிக்கிட்டு இருப்பேன்."

"ஆமா மேடம்."

"ரெண்டேகால் கிலோமீட்டர் நடக்கணும். அவ்வளவுதானே?"

சீட்டுகளைத் திரும்ப வரிசையாக அடுக்கினேன். 

கோதண்டபாணி உத்தரவை மறுபடி ஒரு தடவை படித்தார். பிறகு என்னிடம் சில கேள்விகள் கேட்டார். குடியிருப்பு ஆய்வகத்துடையதா? ஆமாம். வேறு வேலை கிடைக்குமா? கிடைக்காது. இதைச் சொன்னால் வேலை போகும் என்று தெரியுமா? தெரியும். சுரங்கம் மூடினால் எனக்கு வேறு ஆய்வகத்துக்கு மாற்றல் உண்டு என்று உத்தரவிலேயே இருப்பது தெரியுமா? அதுவும் தெரியும்.

"முப்பது வருஷமா பொய் மஸ்டர் ரோல் பாத்துட்டு வரேன்," என்றார் மேடத்திடம். "செய்யாத வேலையச் செஞ்சேன்னு எழுதுறவன் ஆயிரம் பேரு. எழுதினத அடிச்சிட்டு, நான் செய்யலன்னு சொன்ன ஒருத்தனையும் பாத்ததில்ல."

"அப்ப நம்புறீங்களா?" என்றான் இர்ஷாத்.

"நான் நம்புறது கோப்புக்கு வேண்டாம் தம்பி. கோப்புக்கு வேண்டியது வேற." பேனாவை எடுத்து எழுதத் தொடங்கினார். எழுதும்போதே வாசித்தார். உப்புப் பதிவு குறைபாடுடையது. ஆகவே முடிவு பூஜ்யம் என்றும் சொல்ல இயலாது, ஒன்று என்றும் சொல்ல இயலாது. முடிவு வராத நிலையில் மூடலுக்கான நிபந்தனை நிறைவேறவில்லை. புதிய உப்புக்காரர், தேதியிட்ட சீட்டு, மூன்று வருடம். பொறுப்பற்ற பணியாளர் இன்றே நீக்கப்படுகிறார்.

மாசாணத்தின் பெயரையும் எழுதுவாரோ என்று பார்த்தேன். "நீங்க இந்தக் கூட்டத்துல இல்ல," என்று அவரிடம் சொல்லிவிட்டுப் பேனாவுக்கு மூடியைப் போட்டார்.

சாவியையும் தாயக்கட்டையையும் மேசையில் வைத்தேன். வெளியே வரும்போது வண்டியை இர்ஷாத் ஓட்டினான். என்னை இறக்கிவிட்ட இடத்தில், "அண்ணே, நெசமா எட்டுதானே?" என்று கேட்டான். அவன் கண்ணில் நான் திரையில் பார்த்தது இருந்தது. எட்டுதான் என்றேன். அவன் ஸ்டீயரிங்கை இறுகப் பிடித்துக்கொண்டு சுரங்கத்துக் கூரையைப் பார்த்தான்.

மேடம் வாயில்வரை வந்தார். மூன்று வருடத்தில் இன்னொன்று விழுமா என்று கேட்டேன். பதினோரு வருடத்துக்கு ஒன்று என்ற கதியில் நாலில் ஒரு பங்குதான் வாய்ப்பு என்றார். தனக்கு அறுபத்தெட்டு முடிகிறது என்பதைச் சொல்லவில்லை.

"எனக்குப் பதில் தெரிஞ்சுபோச்சு," என்றார். "ஆனா அத எங்கயும் சொல்லமுடியாது. ஒரு வரிகூட எழுதமுடியாது." மலையை நிமிர்ந்து பார்த்தார். மழைக்குப் பிந்திய வெயில் அதன்மேல் கிடந்தது. "நம்மள ஏன் விட்டு வச்சுச்சுன்னு எனக்குத் தெரியும் சுடலை. போ."

மன்னிப்புக் கேட்கலாமா என்று நினைத்தேன். கேட்டால் அதையும் வெறும் கையெழுத்தாக உண்டியலில் போட்ட மாதிரி இருக்கும். கேட்கவில்லை. அவர் திரும்பி வண்டியை நோக்கி நடந்தார்.

மாசாணம் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் தாண்டினேன்.

"இனிமே சொல்லலாம்லா?" என்றார் உள்ளிருந்து. "எத்தன தடவவே உப்புப் போட்ட?"

"எட்டு."

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். பிறகு பதிவேட்டை எடுத்துத் தொடையில் வைத்து, நேரம் பார்த்து, எனக்குக் கேட்கும்படி வாசித்துக்கொண்டே எழுதினார். பதினொன்று ஐம்பது, கேட் பூட்டப்பட்டது. எழுதி முடித்தபின் இரும்புக் கதவை இழுத்துச் சாத்தி, எனக்குப் பின்னால் பூட்டினார்.